பழைய பிக்கப்பை உயர்த்தும் முன்: பழனி மலைப் பாதைகளுக்கு லிஃப்ட் கிட் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று எந்த ஊரை எடுத்தாலும் காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வருவது பத்து, பதினைந்து ஆண்டு ஓடித் தேய்ந்த பிக்கப்புகளில்தான். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கம் அதே வண்டிகள் காப்பி, மிளகு, மலைவாழை ஏற்றுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தோட்டப் பாதையில் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் மண்மேடு நின்றுவிடும். அதில் வண்டியின் அடிப்பாகம் உரசும் சத்தம் கேட்டதுமே இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிட்டால் என்ன என்ற யோசனை வந்துவிடுகிறது.

தூக்கலாம். ஆனால் கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு முந்நூறு மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும், முழுப் பாரத்தோடு அந்த இறக்கத்தை இறங்கியே ஆக வேண்டும். தோட்டப் பாதையில் ஊர்ந்து போகும் ஒரு கிலோமீட்டருக்காக வாங்கும் லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்த மாட்டும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஐம்பது கிலோமீட்டரில் வண்டியை எப்படி நடத்தும் என்பதுதான் என் முதல் கேள்வி. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியே முடிவு செய்கிறது.

முதல் படி: தொலைந்த உயரத்தை அளந்து பாருங்கள்

பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள், அதாவது அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகள், வளைவு இழந்து தட்டையாகியிருக்கும். பல வண்டிகளுக்கு இது ஒன்றுதான் குறை. ஆகவே கடைக்குப் போகும் முன் அளவு நாடா எடுங்கள்.

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும். நான்கு சக்கரத்திலும் காலி வண்டியாக ஒரு முறை, வழக்கமான பாரத்தோடு ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமதளம் வேண்டும். மேல்மலையில் அதைத் தேடுவதே தனி வேலை. பெட்ரோல் பங்கின் சிமென்ட் தளம் போதும். கூடவே, பாரம் ஏற்றிய நிலையில், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஆக்ஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை விரற்கடை இடைவெளி மிச்சம் என்றும் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது என்று பொருள்.

இடது வலது அளவுகளில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு பட்டை உடைந்திருக்கலாம், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்தக் கிட்டையும் மாட்டக் கூடாது. இந்த அளவுகளை அதே மாடலில் குறைவாக ஓடிய வண்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். நாற்பது மி.மீ. குறைவு என்று தெரிந்தால், நிறுவன அளவிலான புதுப் பட்டைகளே அந்த உயரத்தைத் திருப்பித் தந்துவிடும். செலவு குறைவு, சட்டச் சிக்கல் இல்லை, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வடிவமைத்தபடியே இருக்கும். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்து, எது உரசுகிறது என்று குழிக்குள் இறங்கியோ படுத்தோ பாருங்கள். சைலன்சரோ டீசல் டேங்கோ உரசினால் ஸ்பிரிங்கை உயர்த்துவது பயன்படும். ஸ்பேர் டயர் உரசினால் அதை வேறிடத்துக்கு மாற்றினாலே போதும். பின் ஆக்ஸிலின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் உரசினால், எத்தனை அங்குல ஸ்பிரிங் போட்டாலும் அது ஒரு மி.மீ.கூட உயராது. அது சக்கரங்களோடு இணைந்த ஆக்ஸிலின் பகுதி. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான்.

இரண்டாம் படி: பாரத்தைக் கணக்கிடுங்கள்

வண்டி ஆண்டு முழுக்க எதை ஏற்றுகிறது, எவ்வளவு ஏற்றுகிறது, திரும்பும்போது காலியாக வருகிறதா, உரமூட்டையோடு வருகிறதா? இதைச் சொல்லாமல் கிட் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார். லிஃப்ட் பட்டைகள் பொதுவாக இலகு, நடுத்தரம், கனம் என்று பாரத்துக்கேற்ப வரும். எப்போதாவது ஏற்றும் ஒன்றரை டன்னை நினைத்துக் கனமான பட்டை வாங்கினால், காலியாக ஏறும் மற்ற நாள்களில் பின்புறம் துள்ளும். ஈரச் செம்மண்ணில் துள்ளும் சக்கரம் பிடிப்பை இழக்கும். பெரும்பாலான பழைய பிக்கப்புகளில் இழுப்பது பின் சக்கரம் மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் அடுக்கு மென்மையாகவும், பாரம் ஏறும்போது மட்டும் கீழே உள்ள தடித்த பட்டையில் போய் உட்காரும்படியும் அமைந்த இரு நிலைப் பட்டைக் கட்டு இந்த வேலைக்கு ஏற்றது.

எந்தக் கிட்டும் வண்டியின் பாரத் தகுதியைக் கூட்டாது. ஆக்ஸில், சேஸிஸ், பிரேக், ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை எல்லாம் பழையபடியே இருக்கும். பாரம் ஏற்றியும் பின்புறம் தாழவில்லை என்பதற்காக இன்னும் பத்து மூட்டை போடுவதுதான் கனமான பட்டையால் வரும் பெரிய கேடு.

மூன்றாம் படி: எத்தனை அங்குலம்?

ஒரு காகிதக் கணக்கு. இடது வலது சக்கரங்களின் இடைவெளியில் பாதியை, பாரத்தோடு சேர்ந்த எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி வளைவில் கவிழாமல் தன் எடையில் எத்தனை பங்கு பக்கவிசை தாங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். இடைவெளி 1,400 மி.மீ., மூட்டைகளோடு எடை மையம் 1,000 மி.மீ. உயரம் என்று வைத்தால் 700 வகுத்தல் 1,000, அதாவது 0.70. இரண்டு அங்குலம், ஏறத்தாழ 50 மி.மீ. உயர்த்தினால் 0.67. நான்கு அங்குலம் உயர்த்தினால் 0.64. உண்மையில் ஸ்பிரிங் சாய்வதாலும் மூட்டை நகர்வதாலும் டயர் நசுங்குவதாலும் இதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். வெளிப்பக்கம் சரிந்த வளைவில் இன்னும் குறையும்.

கேபினுக்கு மேலே மூட்டை அடுக்கும் வழக்கம் இந்த எண்ணை லிஃப்ட்டைவிட அதிகமாகக் குறைக்கிறது. ஆகவே உயர்த்திய வண்டியில் மேல் வரிசையைக் கைவிட மனமில்லாதவர் உயர்த்தாமல் இருப்பதே நல்லது. பாரம் ஏற்றும் பழைய பிக்கப்புக்கு ஒன்றரை அங்குலம் நல்ல அளவு, இரண்டு அங்குலம் எல்லை என்பது என் முடிவு. அதற்கு மேல் போனால் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஸ்டீயரிங் கம்பிகள் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவைப் பாதையில் ரெண்டு லோடு சரளை கொட்டுவதற்குச் செலவழிக்கலாம்.

நான்காம் படி: அடியில் என்ன இருக்கிறது, எதை மாற்றுவது

முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகள் உண்டு, மஹிந்திராவின் எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்புகள் அப்படி. பின்னால் பட்டையும் முன்னால் தனித்தனிக் கைகளில் காயில் ஸ்பிரிங்கும் (சுருள் கம்பி) உள்ளவை உண்டு. இசுசு வி-கிராஸ் அந்த வகை. முன்னால் காயிலுக்குப் பதில் முறுக்கிய எஃகுத் தண்டு, அதாவது டார்ஷன் பார், இருப்பவையும் உண்டு. ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே ஆண்டுக்கும் டூ வீல், ஃபோர் வீலுக்கும் ஏற்ப இது மாறும் என்பதால், பெயரைச் சொல்லிக் கிட் வாங்காமல் சேஸிஸ் எண்ணையும் அடிப்பாகப் புகைப்படத்தையும் காட்டி வாங்குங்கள்.

பின்பக்கப் பட்டையில் வழிகள் பல. தரத்தில் மேலே இருப்பது முழுப் பட்டைக் கட்டையும் மாற்றுவது. பாரத்துக்கேற்ற புது வளைவு, புது புஷ், புது சென்டர் போல்ட் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். பழைய வண்டியில் நான் இதைத்தான் சொல்வேன். ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய கிட்டுகள் வி-கிராஸ் மாதிரியான வண்டிகளுக்கு எளிதில் கிடைக்கும். பொலிரோ, டாடா 207 போன்றவற்றுக்குத் திண்டுக்கல், மதுரை, கோவை ஸ்பிரிங் பட்டறைகளில் செய்து வாங்குவதே நடைமுறை. அப்படிச் செய்யும்போது என்ன எஃகு என்று கேளுங்கள். இ.என். 45, எஸ்.யு.பி. 9 போன்ற ஸ்பிரிங் எஃகுத் தரப் பெயர் எதையும் சொல்லாமல் ‘நல்ல இரும்புதான்’ என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது, இருக்கும் கட்டோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. மற்றப் பட்டைகள் இன்னும் உயிரோடு இருந்தால் மட்டுமே இது சரி. சேர்க்கும் பட்டை நீளமாக இருக்க வேண்டும். குட்டைப் பட்டை தன் முனை முடியும் இடத்தில் மேல் பட்டையை அழுத்தும், அங்கேதான் முறியும்.

மூன்றாவது, பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருவது. பட்டறைகளில் மலிவு, வேகம். ஆனால் காய்ச்சிய ஸ்பிரிங் எஃகை முறையாக எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் ஒன்று சில மாதத்தில் மறுபடி தட்டையாகும், இல்லை கண்ணாடிபோல் உடையும். வெப்ப அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பட்டறையில் இதைச் செய்யாதீர்கள்.

பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றுவதும் உண்டு. பட்டையின் ஒரு முனை மட்டுமே உயர்வதால் இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம்தான் கிடைக்கும். கூடவே ஆக்ஸில் சற்றுத் திரும்பிவிடும். முன் ஆக்ஸிலில் அப்படித் திரும்பினால் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் கெடலாம்.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைப்பதைப் பின்னால் மட்டும், ஒரே துண்டு இரும்புக் கட்டையாக மட்டும் செய்யலாம். முன்னால் ஒருபோதும் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டை கூடாது. மரக்கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் பார்த்திருக்கிறேன். கட்டை உயர உயர, முதல் கியரில் பாரத்தோடு ஏறும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். பெரும்பாறை ஏற்றம் மாதிரி நின்று நின்று கிளப்ப வேண்டிய பாதையில் அந்த முறுக்கல் ஓயாமல் நடக்கும். பட்டையை ஆக்ஸிலுக்குக் கீழிருந்து மேலே மாற்றிக் கட்டும் வேலையும் பாரவண்டிக்கு வேண்டாம்.

முன்பக்கம் காயில் இருந்தால் நீளமான புதுக் காயில் வாங்குங்கள். மேலே வைக்கும் வட்டத் துண்டு உயரம் தரும், ஆனால் சோர்ந்த காயிலுக்கு உயிர் தராது. டார்ஷன் பார் வண்டியில் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் எழும்பும் என்பதால் இலவச லிஃப்ட் என்று மெக்கானிக்குகள் செய்துவிடுகிறார்கள். சக்கரம் கீழ்நோக்கி இறங்கும் வாய்ப்பை அது தின்றுவிடும். முன் சக்கரத்தைக் கைகளோடு இணைக்கும் பால் ஜாயின்ட் எப்போதும் ஓரக் கோணத்தில் நிற்கும். ஓர் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்துக் கேபினை உயர்த்தும் வகையும் ‘லிஃப்ட் கிட்’ என்றே விற்கப்படுகிறது. சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் பாதைக்குப் பயனில்லை.

ஐந்தாம் படி: ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் உயர்ந்தால், அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கின் நீளமும் மாற வேண்டும். பழைய ஷாக்கையே விட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டைக்கு முன்பே ஷாக் இழுபட்டு, ஒவ்வொரு குழியிலும் அதன் கண்ணையும் பிராக்கெட்டையும் பிய்க்கும். மறுபக்கம், மிக நீளமான ஷாக் வாங்கினால் பம்ப் ஸ்டாப்பைத் தொடுமுன் உள்ளே முட்டி நசுங்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஓர் அளவு, ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் நிலைக்கு ஓர் அளவு. ஷாக்கின் விரிந்த நீளம் முதல் அளவைவிடக் கூடுதலாகவும், சுருங்கிய நீளம் இரண்டாவது அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். நான்கு ஷாக்கும் சேராத பெட்டியைக் கிட் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆறாம் படி: பிரேக்

விற்பவர்கள் பேசாத பகுதி இது. பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த சிறு வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்று பட்டறையில் சொல்வார்கள். வண்டி தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். உயர்ந்திருந்தால் காலி வண்டி என்று கொண்டு, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டியில் இந்த வால்வுக்குத் தெரிவதெல்லாம் சேஸிஸ் உயரமாக இருக்கிறது என்பது மட்டுமே. முழுப் பாரத்தோடு இறங்கும்போதும் அது காலி வண்டிக்கான அழுத்தத்தையே பின்னால் அனுப்பலாம். முன் பிரேக் இரண்டும் தனியாக எல்லாவற்றையும் தாங்கும், சூடேறும், பாதி மலை இறங்குவதற்குள் பெடல் அழுத்தமாக இருந்தும் வண்டி நிற்காத நிலை வரும். பெருமாள்மலைக்குக் கீழே தீய்ந்த வாடையோடு ஓரத்தில் நிற்கும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் கியரில் இறங்காததுதான். உயர்த்திய வண்டியில் இந்த வால்வும் சேர்ந்துகொள்ளும். கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு மாற்றியமைத்து, நிறுவனக் கையேட்டில் சொன்ன முறையில் சரிபார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றிக் கட்டிவிடுவது தீர்வாகாது. காலி வண்டி மழையில் பின்பக்கம் சுழன்றுவிடும்.

பிரேக் ஹோஸ் நீளத்தையும் பாருங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முட்டத் திருப்பும்போதும் ஹோஸ் இழுபடக் கூடாது. கைப்பிரேக் கேபிளும் அப்படியே.

ஏழாம் படி: ஷாஃப்ட்டும் ஸ்டீயரிங்கும்

வண்டி உயர்ந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் அச்சும் டிஃபரன்ஷியலின் பினியன் அச்சும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளான கிராஸ் இரண்டும் அதிராமல் சுழலும். மாறிப்போனால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கோண ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடு பேரிங்கைச் சற்று இறக்க வேண்டிவரலாம். கிராஸ் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்; கூடுதல் சாய்வில் அது நெடுநாள் தாங்காது. டை ராட், டிராக் லிங்க், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் ஆட்டம் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்.

எட்டாம் படி: டயர்

215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 704 மி.மீ. அதை 235/75 ஆர் 15 ஆக்கினால் ஏறத்தாழ 734 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. கூடினாலும் டிஃபரன்ஷியல் உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. தான். பதிலுக்கு வேகமானி நான்கு விழுக்காடு குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் அந்த அளவு தளரும். அளவைவிட, டயர் தாங்கும் எடையைச் சொல்லும் பாரக் குறியீடு குறையாத, மண்ணில் பிடிக்கும் வார்ப்புள்ள டயரா என்று பார்ப்பது முக்கியம்.

ஒன்பதாம் படி: சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். மஞ்சள் பலகை வண்டி எட்டு ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு நிற்க வேண்டும். எனவே வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகலாம். முதல் படியிலேயே நின்று நிறுவன அளவுப் பட்டைகளோடு திருப்தி அடைபவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

வண்டி உயர்ந்தது என்பதற்காகக் காட்டுப் பாதையெல்லாம் திறந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரிஜம் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு எத்தனை அங்குலம் என்பது பொருட்டில்லை.

பத்தாம் படி: மாட்டும் நாளும் முதல் பாரமும்

பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒரு முறை முழு இறுக்கம் கண்ட போல்ட் இழுபட்டுவிட்டது. மறுபடி அதே பிடியைத் தராது. பட்டை முனையில் ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளுக்கு, வண்டி ஜாக்கியில் இருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டு விரைவில் கிழியும். அவசரப்படும் பட்டறைகளில் இதை அருகில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

பிறகு வீல் அலைன்மென்ட். பிறகு முகப்பு விளக்கின் கோணம். முன்பக்கம் உயர்ந்த வண்டி மூடுபனியில் தன் வெளிச்சத்தைத் தன் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், எதிரே வருபவரையும் குருடாக்கும்.

முதல் சில நாள் பாரமில்லாமல் ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் முழுப் பாரம் இறக்கிய பிறகு இன்னொரு முறை. முழுப் பாரத்துக்கு முன், பாரத்தோடு மலை இறங்கும் முதல் முறைக்கு அரைப் பாரமே போதும். இரண்டாவது கியரில் இறங்கி, பாதி வழியில் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கை வைத்துப் பாருங்கள், தொடாமல். முன்னிரண்டும் கொதித்துப் பின்னிரண்டும் ஆறிக் கிடந்தால் எல்.எஸ்.பி.வி. கம்பியை மறுபடி சரிசெய்யாமல் அடுத்த மூட்டை ஏற்றக் கூடாது.

ஒரு மாதம் கழித்து முதல் படியில் எழுதிய அளவுகளை மறுபடி எடுங்கள். புதுப் பட்டை சில மி.மீ. அமர்வது இயல்பு, ஒரு பக்கம் மட்டும் அமர்ந்தால் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். ஆர்.டி.ஓ. பழைய நிலைக்கு மாற்றச் சொன்னால் அவை தேவைப்படும். புதுக் கட்டில் ஒன்று உடைந்தால் வேறு பட்டை செய்ய அளவும் அவற்றில்தான் இருக்கிறது.